அடித்தல் திருத்தல் இல்லாத ஏடு

பள்ளி இறுதித் தேர்வுக்கு ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளின் பயிற்சி ஏட்டைப் புரட்டும்போது நான் முதலில் தேடுவது அடித்தல் திருத்தல்களைத்தான். பக்கம் பக்கமாக ஒரு பிழைகூட இல்லாமல் பளிச்சென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பெரும்பாலும் அந்தப் பிள்ளை கைடின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் விடையைப் பார்த்துக் கோடிட்ட இடங்களை நிரப்பியிருக்கும். அது கையெழுத்துக்கு வேண்டுமானால் நல்ல பயிற்சி. வீட்டில் அந்த ஏட்டைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறார்கள். மதிப்பெண் வந்த பிறகு, "எல்லாத்தையும் எழுதிப் பார்த்தானே சார், எப்படிக் குறைஞ்சது?" என்று கேட்கிறார்கள்.

விடையோடு சேர்த்துப் படிக்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரிதான் தோன்றும். தெருவில் தினமும் எதிர்ப்படும் ஒருவரின் முகம் நன்றாகத் தெரியும். பெயர் கேட்டால் வாயில் வராது. தேர்வு கேட்பது பெயரை. அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கேயும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஒரே பத்தியை மாணவர்களில் ஒரு சாரார் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. முந்தின இரவு மூன்று முறை வாசித்துவிட்டு 'எல்லாம் மனசுல நிக்குது' என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லவில்லை. அது நிற்பது அந்த இரவுக்கு மட்டும்தான்.

சொற்களிலிருந்து தொடங்குவோம். ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ப் பொருளை எழுதி, ஒரு நாளைக்கு இத்தனை என்று மனப்பாடம் செய்வதுதான் வழக்கம். பட்டியல் தவறில்லை. எந்தச் சொற்களின் பட்டியல் என்பதுதான் கேள்வி. 1953-இல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள்தான் இருந்தன. எந்தச் சாதாரண ஆங்கிலப் பத்தியிலும் பெரும்பகுதி அவற்றுக்குள் அடங்கிவிடும். 2000-இல் அவெரில் காக்ஸ்ஹெட் தொகுத்த கல்விசார் சொற்பட்டியலில் இருப்பவை 570 சொற்குடும்பங்கள். அவர் ஆராய்ந்த பாடநூல், கட்டுரை வகை எழுத்தில் சுமார் பத்து விழுக்காடு அவைதான். இந்த இரண்டையும் கையாளத் தெரியாத பிள்ளை, அகராதியின் மூலையில் கிடக்கும் பன்னிரண்டு எழுத்துச் சொல்லைப் பாடம் செய்து கட்டுரையில் செருகுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். திருத்துபவர் அதைக் கண்டு மயங்கிவிடுவதில்லை. அதே வரியில் எழுவாயும் வினையும் ஒத்துப்போகாமல் கிடப்பதைத்தான் அவர் கண் முதலில் பிடிக்கும்.

ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வது என்றால் அதன் உறவினர்களையும் அண்டை வீட்டாரையும் தெரிந்துகொள்வது. உறவினர் என்றால் 'சக்சீட்', 'சக்சஸ்', 'சக்சஸ்ஃபுல்', 'சக்சஸ்ஃபுல்லி' என்ற குடும்பம். வினைச்சொல் வர வேண்டிய இடத்தில் பெயர்ச்சொல்லை எழுதி மதிப்பெண்ணைத் தொலைப்பது அன்றாடக் காட்சி. அண்டை வீட்டார் என்றால் அந்தச் சொல் எதோடு சேரும் என்பது. தமிழில் முகம் கழுவுகிறோம், துணி துவைக்கிறோம். 'முகத்தைத் துவைத்தேன்' என்று யாராவது எழுதினால் சிரிப்போம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வாஷ்' போதும். ஆனால் அங்கே தவறுக்கு 'மேக்', வீட்டுப்பாடத்துக்கு 'டூ'. மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. பொருளை மட்டும் எழுதிவைத்த ஏட்டில் இந்தச் சேர்க்கை இருக்காது. அதனால் தனிச்சொல்லை எழுதாதீர்கள். அது வரும் ஒரு சிறிய வாக்கியத்தை எழுதுங்கள். ஒருபொருட் பன்மொழிப் பட்டியலையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். 'தின்', 'ஸ்லிம்', 'ஸ்கின்னி' மூன்றுக்கும் ஒல்லி என்றே பொருள் எழுதியிருப்பார்கள். ஒருவரை 'ஸ்லிம்' என்றால் மகிழ்வார். 'ஸ்கின்னி' என்றால் முகம் சுளிப்பார்.

இலக்கணம்தான் உண்மையில் மதிப்பெண் கசியும் இடம். தமிழில் சிந்தித்து எழுதும் பிள்ளைகள் செய்யும் பிழைகள் தற்செயலானவை அல்ல. தமிழ் எங்கே வேறு வழியில் போகிறதோ அங்கேதான் அவர்கள் ஒரே மாதிரி வழுக்குகிறார்கள். இதைச் சொல்லிக்கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடுகிறது.

எடுத்துக்காட்டுக்கு, பிறர் கூற்று. தமிழில் "நாளைக்கு வருகிறேன் என்று சொன்னான்" என்று எழுதலாம். அவன் சொன்னதை அப்படியே வைத்து, 'என்று' சேர்த்தால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் ஆள் மாற வேண்டும், காலம் பின்னால் நகர வேண்டும், 'டுமாரோ' என்பது 'த நெக்ஸ்ட் டே' ஆக வேண்டும். கேள்வியாக இருந்தால் சொல்வரிசையும் நேராக வேண்டும். 'எங்கே போகிறாய் என்று கேட்டான்' என்பதை 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஆர் யூ கோயிங்' என்று எழுதும் பிள்ளைக்கு விதி தெரியாமல் இல்லை. கேட்டால் விதியை ஒப்பிப்பான். எழுதும் வேகத்தில் 'என்று' அவனை இழுத்துவிடுகிறது. 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்' என்பது கைக்குப் பழக வேண்டும். வாய்க்கு மட்டும் பழகினால் போதாது.

எதிர்மறையும் அப்படித்தான். 'அவன் வரவில்லை' என்பதில் நேற்று வராததும் அடங்கும், இப்போது வராததும் அடங்கும். காலத்தைச் சூழல் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலம் அந்தச் சுமையை 'டிட்', 'டஸ்' ஆகியவற்றின் தலையில் ஏற்றுகிறது. ஏற்றிய பிறகு முதன்மை வினை மாறாமல் நிற்க வேண்டும். 'டிட் நாட் வென்ட்' என்று எழுதுவது அதே சுமையை இரண்டு பேர் மேல் ஏற்றுவது.

'இல்லையா' என்ற ஒரே சொல் தமிழில் எந்த வாக்கியத்தின் வாலிலும் ஒட்டும். அதனால்தான் எல்லாவற்றுக்கும் 'இஸின்ட் இட்' போட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் வால் தலையைப் பார்த்து அமையும்: 'யூ ஆர் கமிங், ஆரன்ட் யூ?' கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிடித்தவை விதிவிலக்குகள். 'லெட்ஸ் கோ' என்றால் 'ஷல் வி'. 'ஐ ஆம் லேட்' என்றால் 'ஆரன்ட் ஐ'. 'ஹார்ட்லி' வந்துவிட்டால் வாக்கியமே எதிர்மறை என்பதால் வால் உடன்பாடு.

முன்னிடைச்சொற்களிலும் தமிழ் வேற்றுமை உருபு எட்டிப்பார்க்கும். ஒன்றைப் 'பற்றி' விவாதிப்பதால் 'டிஸ்கஸ் அபவுட்'. அறைக்'குள்' நுழைவதால் 'என்டர் இன்டு த ரூம்'. இரண்டிலும் அந்த ஒட்டு வேண்டாம். 'ஐந்து ஆண்டுகளாக' என்பதற்கு 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதுபவர்கள் ஏராளம். தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்', கழிந்த நீளத்துக்கு 'ஃபார்'. கூடவே வினையும் 'ஹாவ் பீன் லிவிங்' என்று மாற வேண்டும். 'இருந்தாலும்... ஆனால்' என்று பேச்சில் சேர்த்துச் சொல்லும் பழக்கம் 'அல்தோ... பட்' ஆகிவிடுகிறது. தமிழில் இல்லாத 'எ', 'ஆன்', 'த' ஆகியவற்றைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். இங்கே ஒன்று மட்டும்: எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேளுங்கள். 'எ யுனிவர்சிட்டி', ஆனால் 'ஆன் ஹவர்'.

செயப்பாட்டு வினை, வாக்கிய மாற்றம், நிபந்தனை வாக்கியம் மூன்றுக்கும் சூத்திரம் எழுதித் தருகிறார்கள். சூத்திரம் இருக்கட்டும். அதைக் கொண்டு உங்கள் சொந்த வாக்கியம் பத்து எழுதியிருக்கிறீர்களா? 'நோ சூனர்' வந்தால் 'தேன்', 'ஹார்ட்லி' வந்தால் 'வென்' என்பது எல்லாருக்கும் தெரிகிறது. இவை வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னால் தாவ வேண்டும் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் நினைவிருக்கிறது.

இனி மரபுத்தொடர்கள். பிள்ளைகளுக்கு இவற்றின் மேல் தனி மோகம், கட்டுரையில் தூவினால் மதிப்பெண் கூடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரங்கல் கடிதத்தில் 'யுவர் கிராண்ட்ஃபாதர் கிக்ட் த பக்கெட்' என்று எழுதிய விடைத்தாள் என் கைக்கு வந்திருக்கிறது. பொருள் சரிதான், இறந்துபோனார். ஆனால் 'உங்கள் தாத்தா மண்டையைப் போட்டுவிட்டார்' என்று தமிழில் இரங்கல் கடிதம் எழுதுவோமா? பட்டியலில் பொருள் இருக்கும். எந்த இடத்தில், யாரிடம், எந்தத் தொனியில் என்பது இருக்காது. தொனி தெரியாத தொடரைப் பொருத்துக, தேர்ந்தெடுக்க என்ற கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டுரையில் வேண்டாம்.

இன்னொரு பொறி, அகராதி எழுதும் முறை. 'மேக் அப் ஒன்ஸ் மைண்ட்' என்று போட்டிருக்கும். அதில் 'ஒன்ஸ்' என்பது வெற்றிடம். ஆளுக்கேற்ப 'மை', 'ஹிஸ்', 'ஹெர்' வர வேண்டும். அப்படியே 'ஹி மேட் அப் ஒன்ஸ் மைண்ட்' என்று எழுதி வைக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, மாறக்கூடாத பகுதியை மாற்றுவதும் உண்டு: 'த பக்கெட்' என்பதை 'எ பக்கெட்' ஆக்கினால் நிஜமாகவே ஒரு வாளியை உதைத்ததாகத்தான் பொருள் வரும்.

உடலுறுப்புத் தொடர்கள், விலங்குத் தொடர்கள் என்று ஒரே இனமாகச் சேர்த்துப் படிக்கவும் வேண்டாம். 'கெட் கோல்ட் ஃபீட்' என்றால் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது. 'கிவ் த கோல்ட் ஷோல்டர்' என்றால் வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் விடுவது. இரண்டையும் ஒரே மாலையில் படித்தவர் தேர்வில் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதுவார். இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் விடுங்கள்.

சரி, எப்படித்தான் பழகுவது? பக்கத்தை நெடுவாக்கில் மடியுங்கள். ஒரு பக்கம் வாக்கியத்தை வெற்றிடத்தோடு எழுதுங்கள், மறுபக்கம் விடை. மறுநாள் விடையை மறைத்து, கையால் எழுதிப் பாருங்கள். கைப்பேசியில் தட்டினால் அது எழுத்துப்பிழையைத் தானே திருத்தி, 'டைனிங்'கின் நடுவில் 'என்' இரட்டிக்காது என்பதை உங்களிடமிருந்து மறைத்துவிடும். சரியாக வந்தவற்றை மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், வராதவற்றை மறுநாளே. 1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து மறதியின் வேகத்தை அளந்து எழுதிய காலத்திலிருந்தே, இடைவெளி விட்டுப் படிப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிட நிற்கும் என்பது தெரிந்த செய்தி. நாள்காட்டியில் குறித்துவைக்கத்தான் ஆளில்லை.

பழைய கேள்வித்தாள்களை வீணாக்காதீர்கள். நேரம் வைத்து எழுதி, சிவப்பு மையில் திருத்தி, ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் அதன் இனத்தை ஒரே சொல்லில் குறியுங்கள்: காலம், உருபு, ஒருமை பன்மை, எழுத்து. மொத்த மதிப்பெண்ணைவிட இந்தக் குறிப்புதான் முக்கியம். நான்கைந்து தாள்கள் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் இரண்டு அல்லது மூன்று இனங்கள் மட்டும் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அவற்றை மட்டும் எடுத்துப் பழகுங்கள். காலம் சரியாக வருகிற பிள்ளையை மறுபடி பன்னிரண்டு கால வடிவங்களையும் எழுதச் சொல்வது தண்டனை.

கட்டுரை எழுதித் தரும் செயலிகளைப் பலரும் இப்போது பயன்படுத்துகிறார்கள். முதலில் நீங்கள் எழுதி, பிறகு அதில் எது ஏன் பிழை என்று கேட்டால் அது உதவிதான். விடையையே வாங்கி ஏட்டில் எழுதினால் அதற்கும் கைடின் கடைசிப் பக்கத்துக்கும் வேறுபாடு இல்லை.

தேர்வுக்கு முந்தின வாரம் புதிய தொடர் எதையும் தொடாதீர்கள். தேர்வு அறையில் எழுதி முடித்தபின் மிச்சமிருக்கும் நிமிடங்களில் முழுத்தாளையும் மேலோட்டமாகப் படிப்பதில் பயனில்லை. உங்கள் கண் உங்கள் பிழையைத் தாண்டிப் போய்விடும். உங்களுக்கே உரிய அந்த இரண்டு மூன்று இனங்களை மட்டும் தேடுங்கள். ஒருமைப் படர்க்கை வினையில் 'எஸ்' விடுவது உங்கள் வழக்கமென்றால், 'ஹி', 'ஷி', 'இட்', ஒருமைப் பெயர்கள் இவற்றின் மேல் விரலை வைத்து, அடுத்து வரும் வினையை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள். பிறகு அடுத்த இனத்துக்கு மீண்டும் முதல் பக்கத்திலிருந்து.