டயலை வோல்ட்டில்தானே வைத்தேன்!

எலக்ட்ரீஷியனாக இந்தக் கோடையில் நான் பார்க்கும் மூன்றாவது மீட்டர் விபத்து இது. பெரம்பூரில் ஒரு வீடு. ஏசி அடிக்கடி நின்றுபோகிறது, லோ வோல்டேஜாக இருக்குமோ என்று அந்த வீட்டுக் கல்லூரிப் பையன் ரிச்சி தெருவில் வாங்கிய, வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மல்டிமீட்டரைப் பிளக் பாயிண்டில் செருகியிருக்கிறான். நான் போனபோது விரல்களில் கரி, மீட்டரின் சிவப்பு வயர் முள்ளின் முனை உருகி உருண்டையாகியிருந்தது. கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச், எம்சிபி, விழுந்ததால் பிழைத்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னான்: "டயலை வோல்ட்டில்தானே சார் வைத்தேன்!"

கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டயல் சரி, தம்பி. சிவப்பு வயர் எந்தத் துளையில் இருந்தது? முந்தைய நாள் பைக் பேட்டரியில் சார்ஜ் கசிகிறதா என்று பார்க்க அதை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றியவன், திரும்ப எடுக்கவே இல்லை. மலிவான மீட்டரில் அந்தத் துளையையும் கறுப்பு வயரின் துளையையும் உள்ளே இணைப்பது ஒரு தடித்த கம்பித் துண்டு. டயலை எங்கே திருப்பினாலும் அது அங்கேயேதான் இருக்கும். பல மீட்டர்களில் அதற்குப் பியூஸும் கிடையாது; கிடையாது என்று முகப்பிலேயே அச்சிட்டும் இருப்பார்கள், யார் படிக்கிறார்கள்? பிளக்கின் இரண்டு துளைகளிலும் ஒரே கம்பியை வளைத்துச் செருகுவீர்களா? அவன் செய்தது அதுதான். டயலும் வோல்ட்டில் இருந்தால், வோல்ட் துளைக்குள் பல லட்சம் ஓம் தடை இருக்கிறது. 230 வோல்ட்டில் மீட்டரைத் துணிந்து வைப்பது அந்தத் தடையை நம்பித்தான்.

"எதற்கு மீட்டர்? டெஸ்டர் எரிந்தால் போதாதா?" என்றார் அவன் அப்பா. போதாது ஐயா. கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் அறுந்த வீட்டில், ஒரு பல்பு சுவிட்ச் போட்டபடி இருந்தால் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரியும். பல்பு மட்டும் எரியாது. வோல்டேஜ் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். ஒற்றை முனையைத் தொட்டு அதை அளக்க முடியாது.

முள்ளை வைக்கும் முன் துளையைப் பாருங்கள், பிறகு டயலை. டயல், வீட்டு மின்சாரத்துக்கான ஏசி வோல்ட்டில் (V~) பெரிய அளவில் இருக்கட்டும். கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த பாயிண்டில் முதலில் வைத்து மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். விரல் முள்ளின் விளிம்பைத் தாண்டக் கூடாது. ஈரக் கையோடு வேண்டாம். மெயின் போர்டைத் திறக்க வேண்டுமென்றால், தயவுசெய்து எங்களைக் கூப்பிடுங்கள்.

என் மீட்டரில் அளந்தேன்: 228. வோல்டேஜில் ஒரு குறையும் இல்லை. ஏசியின் ஃபில்டரைக் கழற்றினால் கம்பளி போலத் தூசி.