வக்கீல் உங்க பணத்த தரலையா? பார் கவுன்சில் புகார் மட்டும் போதாது

லாரி மோதி புருஷன பறிகொடுத்த ஒரு அக்கா, எங்க பக்கத்து ஊரு. நஷ்டஈடு வந்துச்சு, வக்கீல் எடுத்துக்கிட்டு "பீஸ், செலவு போக இவ்ளோதான்மா"ன்னு கொஞ்சத்த நீட்டிட்டாரு. அவங்க முதல்ல போனது கோர்ட்டுலயே இருக்குற வக்கீல் சங்கத்துக்கு, அங்க பேசி முடிச்சுக்கலாம்னு சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் போச்சு. சங்கத்துக்கு தண்டிக்கிற அதிகாரமே கிடையாது, ஆனா அத ஒருத்தரும் அவங்ககிட்ட சொல்லல.

அதிகாரம் இருக்கறது சென்னை ஹைகோர்ட் வளாகத்துல உள்ள தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு, வக்கீல்கள பதிவு பண்றதும் தப்பு பண்ணா தண்டிக்கிறதும் அதுதான், 1961 வக்கீல் சட்டம் பிரிவு 35. புகார தமிழ்லயே எழுதலாம், இங்கிலீஷ்ல டைப் பண்ணித் தரேன்னு காசு கேக்குறவங்ககிட்ட போகாதீங்க. ஆனா சும்மா லெட்டர் மாதிரி எழுதிப் போட்டா திரும்பி வரும், மனு வடிவத்துல, கடைசில "மேலே சொன்னது உண்மை"ன்னு உறுதி சொல்லி கையெழுத்து வேணும். எத்தனை காப்பி, எவ்ளோ பீஸ்னு முன்னாடியே கேட்டுட்டுப் போங்க, இல்லன்னா அதுக்கே ரெண்டு தடவ பஸ் ஏறணும். வக்கீலோட பதிவு எண், கேஸ நடத்தச் சொல்லி நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த வக்காலத்துல இருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். பார் கவுன்சில் அவர கண்டிக்கலாம், கொஞ்ச நாள் சஸ்பெண்ட் பண்ணலாம், பேர பட்டியல்லேர்ந்தே எடுக்கலாம். உங்க பணத்த வாங்கித் தர்றது அதோட வேலை இல்ல. பணத்துக்கு சிவில் கேஸ் தனியா போடணும், அதுக்கு பொதுவா 3 வருஷம்தான் டைம். அந்த அக்கா பார் கவுன்சில் முடிவு வரட்டும்னு உக்காந்திருந்தாங்க, 3 வருஷம் தாண்டிருச்சு. பார் கவுன்சில் புகார ஒரு வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, முடிக்கலன்னா ஃபைல் டெல்லிக்கு இந்திய பார் கவுன்சிலுக்குப் போயிடும், அப்புறம் கூலி வேலைக்குப் போற மனுஷி எங்க போய் நிப்பாங்க? அதனால ரெண்டையும் ஒரே நேரத்துல போடுங்க, ஒண்ணுக்காக இன்னொண்ண நிறுத்தாதீங்க.

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகச் சொல்லுவாங்க, போகாதீங்க, வக்கீல் சேவை அதுக்குள்ள வராதுன்னு 2024 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. போலீஸ்ல "இது சிவில் மேட்டர்"னு தள்ளிவிடுவாங்க. ஆனா நம்பி ஒப்படைச்ச பணத்த எடுத்துக்கிட்டா அது நம்பிக்கை மோசடி, பி.என்.எஸ்.னு சொல்ற புது குற்றவியல் சட்டம் பிரிவு 316, கிரிமினல் குற்றம். ஸ்டேஷன்ல வாங்கலன்னா எஸ்.பி.க்கு பதிவு தபால், அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்திரேட். உள்ளூர் வக்கீல் இன்னொரு வக்கீல் மேல கேஸ் எடுக்க யோசிப்பாரு, அப்போ மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் தருவாங்க.

"பீஸ் பேசினதே 30 பர்சன்ட்"னு வக்கீல் சொன்னா பயப்படாதீங்க, ஜெயிச்ச பணத்துல பங்குன்னு பேசுறதே வக்கீல் நடத்தை விதிப்படி தப்பு. பணம் வந்ததும் வக்கீல் தன் கட்சிக்காரருக்கு, அதாவது கேஸ் குடுத்த உங்களுக்கு, தெரியப்படுத்தணும், கணக்கு வெச்சிருக்கணும், கேட்டா கணக்கோட காப்பி தரணும். அந்தக் கணக்க பதிவு தபால்ல கேளுங்க, வாயால கேட்டதுக்கு சாட்சி இல்ல. பீஸ் பாக்கின்னு சொல்லி கேஸ் கட்டையும் பிடிச்சு வெக்க முடியாது, 2000லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. கோர்ட்டுல காப்பி மனு போட்டு தீர்ப்பு நகல், பணம் எடுத்த உத்தரவு ரெண்டையும் வாங்கிடுங்க, எவ்ளோ வந்துச்சுங்கறதுக்கு அதுதான் ஆதாரம்.

புகார் போனதும் வக்கீல் தரப்புல கொஞ்சம் பணத்தோட வீட்டுக்கு வருவாங்க, "முழுசா வாங்கிட்டேன், புகார வாபஸ் வாங்குறேன்"னு கையெழுத்து கேப்பாங்க. முழுப் பணம் அக்கவுண்ட்ல ஏறாம போடாதீங்க. இன்னும் பணம் வராதவங்களுக்கு, இப்பல்லாம் உங்க பேங்க் கணக்குக்கே நேரா வருது, ஆனா வக்கீல் ஆபீஸ்ல பாஸ்புக்கையும் கையெழுத்துப் போட்ட வித்டிராயல் ஸ்லிப்பையும் மொதல்லயே வாங்கி வெச்சுக்கறாங்க. குடுத்திருந்தா நாளைக்கே பேங்குக்குப் போய் எழுதிக் குடுத்து நிறுத்துங்க.