ஒருமுறை இறக்கி இருபது கணினிகளில் நிறுவ

ஒரே வலையமைப்பில் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) ஓடும் 20 கணினிகள் இருக்கின்றன, புதுப்பிப்பு 400 எம்பி என்று வைத்துக்கொள்வோம். அதே கோப்புகளே 20 முறை இறங்கி 8 ஜிபியைத் தின்றுவிடும். மென்பொருள் தொகுப்புகள் இருக்கும் இணையக் களஞ்சியம் முழுவதையும் நகலெடுத்து வைத்தால் என்ன என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் ஒரே ஒரு செயலி வகைக்கான நகலே சில நூறு ஜிபி வரும். அதில் பெரும்பகுதியை யாரும் நிறுவப்போவதில்லை. இணையமே எட்டாத இடத்துக்குத்தான் முழு நகல் எடுக்கும் ஆப்ட்-மிரர் போன்றவை. மற்றவர்களுக்கு ஆப்ட்-கேச்சர்-என்ஜி போதும்.

இது ஒரு ப்ராக்ஸி, அதாவது கணினிகளுக்கும் இணையத்துக்கும் இடையில் நிற்கும் சேவையகம். முதல் கணினி கேட்ட தொகுப்பை இணையத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும்போதே ஒரு பிரதியைத் தன் வட்டில் வைத்துக்கொள்ளும். மற்ற 19 கணினிகளுக்கும் அந்தப் பிரதிதான் போகும். தொகுப்பு வரும் 'டெப்' கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால், பதிப்பு மாறினால் பெயரும் மாறிவிடும். பிரதி பழசாகிவிட்டதோ என்ற கவலை இல்லை. என்னென்ன தொகுப்புகள் இருக்கின்றன என்று சொல்லும் பட்டியல் கோப்புகள் அப்படியல்ல. பெயர் அதேதான், உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே அவற்றை மூலச் சேவையகத்திடம் அவ்வப்போது சரிபார்த்தாக வேண்டும். பழைய பட்டியலொன்று புதியதோடு கலந்துவிட்டால் 'ஹாஷ் சம் மிஸ்மேட்ச்' (ஹாஷ் பொருந்தவில்லை) என்று, தொகுப்புகளை நிறுவும் கருவியான ஆப்ட் மறுத்துவிடும்.

அந்த மறுப்பு நல்லதுக்குத்தான். களஞ்சியத்தின் 'இன்ரிலீஸ்' கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. பட்டியல்களின் ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புக் குறியீடு) அதற்குள், ஒவ்வொரு தொகுப்பின் ஹாஷ் பட்டியலுக்குள். இடையில் இருக்கும் ப்ராக்ஸி ஒரு பைட்டை மாற்றினாலும் பிடிபடும்.

எப்போதும் ஓடும், நிலையான ஐபி உள்ள ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜியை நிறுவி, ஃபயர்வாலில் 3142 போர்ட்டை உள் வலையமைப்புக்கு மட்டும் திறந்துவிடுங்கள். மற்ற கணினிகளில் ஆப்ட்டின் அமைவுக் கோப்புறையில் ஒரு சிறு கோப்பு வேண்டும். அந்த ஐபியையும் போர்ட்டையும் எச்டிடிபி ப்ராக்ஸியாகக் குறிக்கும் ஒற்றை வரிதான் அதில். வரியின் முடிவில் அரைப்புள்ளியை விட்டுவிட்டால் ஆப்ட் அடியோடு நின்றுவிடும்.

அடுத்த சிக்கல், சில களஞ்சியத் தளங்கள் பயன்படுத்தும் எச்டிடிபிஎஸ். மறையாக்கப்பட்ட போக்குவரத்தின் உள்ளே என்ன இருக்கிறதென்று ப்ராக்ஸிக்குத் தெரியாது. அதனால் இயல்பாகவே 403 என்று தடுத்துவிடும். அமைவில் அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். அது வேலை செய்யும், ஆனால் சேமிப்பு இருக்காது. மடிக்கணினியை வெளியே எடுத்துப் போனால் ப்ராக்ஸி எட்டாமல் புதுப்பிப்பு தோற்கும். ப்ராக்ஸி இருக்கிறதா என்று முதலில் தட்டிப் பார்த்து, இல்லையென்றால் நேரடியாகப் போகச் சொல்லும் ஒரு ஸ்கிரிப்டை ஆப்ட்டிடம் கொடுத்துவிடலாம்.

மிச்சமாகிறதா என்பதைப் பதிவுக் கோப்பு காட்டும். 'ஐ' என்ற எழுத்துள்ள வரிகள் இணையத்திலிருந்து வந்தவை, 'ஓ' உள்ளவை கணினிகளுக்குப் போனவை. ஓ-வின் மொத்தம் ஐ-யைப் பல மடங்கு தாண்ட வேண்டும். தாண்டியும் இணைய பில் குறையவில்லையென்றால், உபுண்டுவின் இன்னொரு தொகுப்பு முறையான ஸ்னாப்பைப் பாருங்கள். உபுண்டு 22.04 முதல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப்பாகவே வருகிறது. அது ஆப்ட் வழியே போவதில்லை, இந்தக் கேச்சுக்குள்ளும் வராது.