கோணேசர் மலை எவ்வளவு உயரம்? ரெண்டு ஃபோன், ரெண்டு பதில்

போன கிழமை மச்சானோட திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போயிருந்தன். கோட்டை வாசலால உள்ளுக்குப் போய், ரோட்டோரத்தில படுத்துக்கிடந்த மான்களுக்கு வழி விட்டு, மேல ஏறிக் கும்பிட்டுட்டு, இராவணன் வெட்டு எண்ட பாறைப் பிளவுப் பக்கம் காத்து வாங்கிக்கொண்டு நிக்கேக்க மச்சான் கேட்டான், "டேய், இந்த மலை எவ்வளவு உயரம்?"

ஊருக்குள்ள 350 அடி எண்டு சொல்றவையும் இருக்கினம், 400 அடி எண்டு அடிச்சுச் சொல்றவையும் இருக்கினம். சரி பார்த்திடுவம் எண்டு ரெண்டு பேரும் ஃபோனை எடுத்தம். என்ட பழைய ஆன்ட்ராய்டில இருக்கிற ஜிபிஎஸ் ஆப் 40 மீட்டர் கூடக் காட்டேல்ல. அவன்ட ஐஃபோன் அதைவிட 90 மீட்டருக்கு மேல கூடக் காட்டிச்சு. ஒரே பாறை, தோளோட தோள் உரசிக்கொண்டு நிக்கிறம், 90 மீட்டர் வித்தியாசம். அவனுக்கு ஒரே புளுகம், "விலைக்கேத்த சாமான்டா" எண்டு.

உண்மை என்னெண்டா ரெண்டு ஃபோனும் பொய் சொல்லேல்ல. உயரம் எண்டது எதிலயிருந்து எண்டு சொல்லாட்டி அர்த்தமே இல்லாத சொல், ரெண்டும் வேற வேற இடத்திலயிருந்து அளக்குது, அவ்வளவுதான்.

ஜிபிஎஸ் சாட்டலைட்டுக்குக் கடல் எங்க இருக்கு எண்டு தெரியாது. அது பூமியை மேலயும் கீழயும் கொஞ்சம் அமத்தின, வழுவழுப்பான ஒரு பந்தா நினைச்சுக்கொண்டு, அந்தக் கணக்குப் பந்தின்ட தோலிலயிருந்து நீ எவ்வளவு மேல நிக்கிறாய் எண்டு சொல்லும். ஆனா உண்மையான கடல் அந்தத் தோலில படிஞ்சு கிடக்கேல்ல. தண்ணி ஈர்ப்புவிசை சொல்ற மாதிரித்தான் நிக்கும். பூமிக்கு உள்ளுக்க கனம் கூடின இடத்தில மேடு கட்டும், கனம் குறைஞ்ச இடத்தில பதிஞ்சு நிக்கும். கடல் இப்பிடிப் பதிஞ்சு நிக்கிற பள்ளங்களில உலகத்திலயே ஆகப் பெரிசு எங்க இருக்கெண்டு நினைக்கிறியள்? எங்கட பக்கம்தான். இலங்கைக்குத் தெற்கால இந்து சமுத்திரத்தில, கணக்குப் பந்தைவிட 106 மீட்டர் கீழ. எங்கட தீவு முழுக்க அந்தப் பள்ளத்தின்ட சரிவுக்குள்ளதான் இருக்கு, திருகோணமலைக் கடலும் 90 சொச்சம் மீட்டர் கீழதான் கிடக்குது. ஏன் இப்பிடி எண்டதுக்கு 2023ல பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்து ஆக்கள் ஒரு விளக்கம் சொன்னவை, அடி ஆழத்திலயிருந்து மேல எழும்பி வந்த சூடான, பாரம் குறைஞ்ச பாறைதான் காரணமாம்.

அப்ப கப்பல் காலிப் பக்கம் போகேக்க பள்ளத்தில இறங்கிப் போகுமா எண்டு மச்சான் கேட்டான். இல்ல. ஈர்ப்புவிசைக்கு அந்தப் பள்ளமே சமதரைதான், போத்தில் ஒண்டை டெக்கில வைச்சாலும் உருளாது. சுத்தியிருக்கிற தண்ணி வந்து அதை நிரப்பாததுக்கும் அதுதான் காரணம்.

ஐஃபோன் இந்த 90 சொச்சத்தையும் தானே சேத்து, கடல் மட்டத்திலயிருந்து உயரம் எண்டு காட்டும். என்ட ஆப் சேக்காம அப்பிடியே காட்டினது. பழைய ஆன்ட்ராய்ட் ஆப் நிறைய அப்பிடித்தான்.

சரி, கடல் மட்டம் எண்டு சொல்றமே, அது எது? அலை அடிக்குது, வத்துப்பெருக்கு இருக்கு, எங்கட கரையில ஒரு மீட்டருக்கும் குறைவுதான் எண்டாலும் இருக்குதுதானே. அதால துறைமுகத்தில ஒரு குழாய்க்குள்ள மிதவை ஒண்டை விட்டு, தண்ணி ஏறி இறங்கிறதை வருசக்கணக்கா எழுதி, சராசரி எடுப்பினம். ஒழுங்காச் செய்யிறதெண்டா 19 வருசம் வேணும், ஏனெண்டா வத்துப்பெருக்கை ஆட்டுறது சந்திரன், சந்திரன்ட பாதை ஒரு சுத்து ஆடி முடிக்க 18.6 வருசம் எடுக்கும். வெள்ளைக்காரன்ட காலத்தில, 19ஆம் நூற்றாண்டு கடைசியில, இப்பிடி அளந்த இலங்கைத் துறைமுகங்களில கொழும்பு, காலியோட திருகோணமலையும் ஒண்டு.

அங்கயிருந்து உயரத்தை மலைக்குக் கொண்டு போறது இன்னொரு வேலை. சர்வேயர் லெவல் மிசினை, அதாவது நேர் கிடையாப் பார்க்கிற தொலைநோக்கியை, நடுவில வைச்சு, பின்னால ஒருத்தரையும் முன்னால ஒருத்தரையும் அளவுக்கோலோட நிப்பாட்டுவார். பின்கோலில 2.815, முன்கோலில 0.642 எண்டா, முன்னால நிக்கிறவர்ட கால் 2.173 மீட்டர் மேல. பிறகு பின்னால நிண்டவர் முன்னுக்கு வருவார், மிசினும் நகரும், திரும்பவும் அதே வேலை. ஏத்தமான ரோட்டில இப்பிடிக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகேலும். வெயிலுக்க கோல் பிடிச்சுப் பார்த்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

உயரம் ஒரு கதை எண்டா, இடம் இன்னொரு கதை. மலைமேல தெரியிற கோபுரம் மாதிரி ஒண்டு கடலில நிக்கிறவனுக்குப் பெரிய உதவி. எங்கட மாமா கடலுக்குப் போன காலத்தில ஜிபிஎஸ் இல்ல. கோபுரம் எதுக்கு நேரா வருது எண்டு ஒரு கோடு, பவுல் முனை வெளிச்சவீடு எதுக்கு நேரா வருது எண்டு இன்னொரு கோடு, ரெண்டு கோடும் வெட்டுற இடத்தில வலையைப் போடுவார். சர்வேயர் செய்யிறதும் இதுதான், என்ன, அவர் கோணத்தை மிசின் வைச்சு அளப்பார். நாட்டுப் படத்துக்கு ஆரம்பப் புள்ளி பிதுருதலாகல மலை. ஆனா அந்தப் பழைய அளவைக்குப் பிடிச்ச பந்து வேற, ஜிபிஎஸ் பிடிக்கிற பந்து வேற. பழைய படத்தில இருக்கிற அகலாங்கு நெட்டாங்கை அப்பிடியே ஃபோனில அடிச்சா, கோயில் 200 மீட்டர் அளவில மேற்கால தள்ளிப்போய் நிக்கும்.

திரும்பி வரேக்க டச்சுக் குடாக் கரையில இறங்கினம். கணுக்கால் அளவு தண்ணிக்க நிண்டு என்ட ஃபோனைப் பார்த்தன், மைனஸ் தொண்ணூத்திச் சொச்சம். பக்கத்தில கடலை வித்தவர் எட்டிப் பார்த்திட்டு, "தம்பி, ஃபோன் தண்ணிக்க விழுந்ததோ?" எண்டு கேட்டார்.

மேல காட்டினதில இதைக் கழிச்சா மலையின்ட உயரம் வந்திடும். கழிச்சும் பார்த்தம். ஆனா ஃபோன் உயரத்தில பத்துப் பதினைஞ்சு மீட்டர் சும்மாவே பிழை விடும், 350 அடிக்கும் 400 அடிக்கும் வித்தியாசமே 15 மீட்டர்தான். அதால அந்தச் சண்டை அப்பிடியேதான் கிடக்குது, அளவுக்கோலோட ஆராவது வந்தாத்தான் தீரும்.