தலைக் குப்பிகளைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள்

பழங்கலங்களைப் பேணும் பணியில் என்னிடம் வருபவற்றுள், நல்லெண்ணத்தோடு கழுவப்பட்டு வருபவையே என்னை மிகவும் வருத்துகின்றன. கிரேக்கர் நறுமண எண்ணெய் வைத்திருந்த, கைக்குள் அடங்கும் குப்பி ஒன்று அப்படித்தான் வந்தது. தலைக்கவசம் அணிந்த வீரனின் தலையாக வடிக்கப்பட்ட அதை, உள்ளே அடைந்திருந்த மண்ணை நீக்குவதற்காக உரியவர் ஓர் இரவு முழுவதும் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்திருந்தார். காய்ந்தபின் கன்னத்தில் உப்புப் பூத்து, நீலப்பச்சை மெருகு செதில் செதிலாக எழும்பி, மென்மயிர்த் தூரிகை பட்டாலே உதிர்ந்தது.

சுட்ட மண்தானே என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. இக்குப்பி ஃபையான்ஸ் என்னும் பொருளால் ஆனது; அது களிமண் அன்று. பொடித்த குவார்ட்ஸுடன் சிறிது சுண்ணாம்பும் நேட்ரான் என்னும் இயற்கைச் சோடா உப்பு அல்லது தாவரச் சாம்பலின் காரமும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்திச் சுட்டெடுத்தது. சூளையில் உருகிய சிறிதளவு கண்ணாடியே துகள்களைப் பிடித்து நிறுத்துகிறது. மெருகின் நிறம் செம்பினால் வருவது. நெடுங்காலம் மண்ணுக்குள் கிடக்கையில் அக்கண்ணாடி அரிக்கப்பட்டு, நிலத்தின் உப்பு துளைகளில் தேங்கிவிடும். தண்ணீர் அந்த உப்பைக் கரைத்து, காயும்போது மேற்பரப்புக்கு இழுத்து வந்து, அங்கே படிகமாக்கி மெருகைப் பிளக்கிறது.

மெருகோடு போவது அழகு மட்டுமன்று. எகிப்தியரிடமிருந்து கற்ற இக்கலையில் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கிரேக்கர் எவ்வாறு ஈடுபட்டனர் என்பதற்கு, ரோட்ஸ் தீவின் காமிரோஸ் கல்லறைகளும், 1884-85இல் தொல்லியலாளர் பிளின்டர்ஸ் பெட்ரி அகழ்ந்த நைல் கழிமுக நகரான நவ்கிராட்டிஸும் சான்று தருகின்றன. இவ்வகைத் தலைக் குப்பி ஒன்றில் எகிப்திய மன்னன் ஏப்ரீஸின் (கி.மு. 589–570) பெயர் இருப்பதே காலக் கணிப்புக்குப் பெரிய ஊன்றுகோல், அப்படியோர் எழுத்து மெருகோடு உதிர்ந்தால் மீளாது.

உள்ளே ஒட்டியிருக்கும் கசடு அதைவிட அரியது என்பேன். துளைகளில் ஊறிய எண்ணெயின் கொழுப்பு அமிலங்களையும் பிசினையும் பொருள்களை ஆவியாக்கித் தனித்தனியே பிரித்தறியும் வாயு நிறச்சாரல் பிரிகை முறையால் இன்றும் இனங்காண வாய்ப்புண்டு. சோப்பும் கொழுப்பிலிருந்து வருவதால், சோப்பு நீர் பட்ட கலத்தில் பழையது எது, புதியது எது என்று பிரிப்பது கடினமாகிறது.

ஆகவே மண்ணை நோண்டாமல், துடைக்காமல், எண்ணெய் பூசாமல், அமிலமற்ற தாளில் பொதிந்து, நிமிர்த்தி வைத்தே பாதுகாப்பாளரிடம் கொண்டுவாருங்கள். உப்பை நீக்கவேண்டுமா, எப்படி என்பதைக் கலத்தின் வலிமையைச் சோதித்த பிறகே நாங்கள் முடிவு செய்கிறோம். அந்த வீரனின் குப்பியில், குறுகிய கழுத்துக்குக் கீழே நகக்கண் அளவு மண் மட்டும் தண்ணீருக்குத் தப்பி ஒட்டியிருந்தது. அதை எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.