முப்பது புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன?

மட்டக்களப்பில் மாணவர்களுக்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவிக்கும் என்னிடம், போட்டி முடிந்ததும் பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் "நம்மட மகன் எத்தனை பொயின்ட் அடிச்சான், சேர்?" என்பதுதான். எத்தனை எறிகைகளில், மைதானத்தின் எந்தப் பகுதியிலிருந்து அடித்தான் என்று கேட்பவர்கள் அரிது. அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் போன்ற பயிற்றுனர்கள் புனித மிக்கேல் கல்லூரியில் வளர்த்தெடுத்த இந்த விளையாட்டை, இன்றைய பிள்ளைகள் பெரிதும் கைபேசிக் காணொளிகளிலிருந்தே கற்கிறார்கள். அவற்றில் தவறிய எறிகைகள் இடம்பெறுவதில்லை என்பதால், மொத்தப் புள்ளியே திறமையின் அளவு என்ற எண்ணம் அவர்களிடம் ஊறிவிடுகிறது.

அவர்கள் மிகவும் விரும்பும், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ.யில் ஆடும் கிரேக்க வீரர் யானிஸ் அன்டெட்டோகூன்ம்போவையே எடுத்துக்கொள்வோம். 2023–24 பருவகாலத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 30.4 புள்ளிகள் பெற்ற அவர், இரண்டு புள்ளி எறிகைகளில் ஏறத்தாழ 64.5 வீதத்தைக் கூடைக்குள் போட்டார். அதாவது அத்தகைய ஒவ்வொரு முயற்சியும் அணிக்குச் சுமார் 1.29 புள்ளிகளைத் தந்தது. வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிகைகளில் அவருடைய வெற்றி 27.4 வீதம் மட்டுமே என்பதால், அங்கே ஒரு முயற்சியின் பெறுமதி 0.82 ஆகக் குறைந்துவிடுகிறது. ஒரே வீரரின் ஒரே கையிலிருந்து புறப்படும் இரண்டு எறிகைகளுக்கு இடையே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, 30.4 என்ற எண் மட்டும் அவரைப் பற்றி நமக்கு என்ன சொல்லிவிடப் போகிறது?

இதில் நான் மிகவும் மதிப்பது, அவர் எதைக் குறைத்துக்கொண்டார் என்பதை. 2019–20 இல் ஆட்டத்துக்கு 4.7 தடவைகள் மூன்று புள்ளிக்கு முயன்றவர், நான்கு ஆண்டுகளில் அதை 1.7 ஆகக் குறைத்தார்; அதே காலத்தில் அவருடைய மொத்த எறிகை வெற்றி 55.3 வீதத்திலிருந்து 61.1 வீதமாக உயர்ந்தது. நீண்ட அடியெடுத்து வளையத்தை நெருங்குவதே தன் பலம் என்பதை அறிந்து, அதற்குள் நின்று விளையாடுவதையும் முன்னேற்றம் என்றே நான் கணக்கிடுகிறேன்.

உண்மையில் அவர் திருத்திக்கொள்ள வேண்டியது, எதிரணியின் தவறுக்காகக் கிடைத்து, கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவை. 2016–17 இல் 77 வீதமாக இருந்த அவருடைய வெற்றி, 2023–24 இல் 65.7 வீதமாக இருந்தது. ஆட்டத்துக்கு ஏறக்குறைய 11 ஃப்ரீ த்ரோ கிடைக்கும் ஒருவர் தன் பழைய அளவை மீட்டாலே, ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு புள்ளிக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும். நெருக்கமான போட்டிகளில் அந்த ஒரு புள்ளியே முடிவைத் தீர்மானிக்கும். முழங்காலில் பிறக்கும் விசை, பந்தை உயர்த்தும்போது இடையில் தடைப்பட்டுக் கைக்கு முழுமையாக வந்து சேராததே குறை என்பது என் கணிப்பு. அவர் ஆடிய மில்வோக்கி பக்ஸ் அணி சம்பியனான 2021 என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 19 ஃப்ரீ த்ரோக்களில் 17 ஐப் போட்டு 50 புள்ளிகள் பெற்றவர் அவர். ஆகவே இயலாமை என்று இதைச் சொல்ல முடியாது.

நம் மாணவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதோ, ஃப்ரீ த்ரோ எறிவதற்கு முன் அவர் எடுக்கும் நீண்ட ஆயத்தத்தை. என்.பி.ஏ. விதிப்படி ஃப்ரீ த்ரோவுக்குப் பத்து விநாடிகள் உண்டு. நாம் விளையாடும் சர்வதேச விதிப்படி ஐந்து விநாடிகளே. ஆயத்தம் குறுகியதாகவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாகவும் இருக்க வேண்டும். ஓடிக் களைத்த நிலையிலேயே அதைப் பழக வேண்டும், ஏனெனில் போட்டியில் அந்தக் கோட்டுக்கு யாரும் ஓய்வெடுத்துவிட்டு வருவதில்லை.

பெற்றோரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த போட்டிக்கு வரும்போது ஒரு தாளில் வளையத்தடி, நடுத்தூரம், மூன்று புள்ளி, ஃப்ரீ த்ரோ என நான்கு நிரல்கள் இட்டு, பிள்ளை எறிந்ததையும் விழுந்ததையும் தனித்தனியே குறித்து வாருங்கள். நான்கைந்து போட்டிகளின் தாள்கள் சேர்ந்ததும் என்னிடம் கொண்டு வாருங்கள். மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம்.