தியான அறைக்குள் தலை ஏன் கனக்கிறது?

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பகிர்வு அலுவலகத்தில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் தளத்தில் ஜன்னல்களைத் திறக்க முடியாது. பசுமை அலுவலகம் என்று சொல்லி வரிசையாக ஸ்னேக் பிளான்ட் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். மனதை அமைதிப்படுத்திக்கொள்ளச் சின்னதாக ஒரு தியான அறையும் இருக்கிறது. நானும் தோழியும் அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு வந்தால் தெளிவுக்குப் பதில் தலைபாரம்தான் வருகிறது. ஏசி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? ஆக்சிஜன் குறைந்துவிடுகிறதா?”

முதலில் ஏசியைப் பற்றிய ஒரு நம்பிக்கையைக் கலைத்துவிட வேண்டும். சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்ந்த சுருளின் மேல் ஓடவிட்டு, அதே அறைக்குள் திருப்பி அனுப்புகிறது. வெளியே தொங்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவே செப்புக் குழாயில் ஓடுவது குளிரூட்டும் திரவமும் வாயுவும்தான். பெரிய கட்டடங்களின் மைய ஏசியில் புதுக்காற்றுக்கென்று தனிக் குழாய் உண்டு. ஆனால் கட்டடம் முடிந்த பிறகு கண்ணாடித் தடுப்பு வைத்து உருவாக்கும் சின்ன அறைகளுக்கு அந்தக் குழாயின் கிளை பல நேரங்களில் வந்து சேர்வதே இல்லை.

அடுத்தது ஆக்சிஜன். ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரம் கொண்ட அறை என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 7,200 லிட்டர். உட்கார்ந்த நிலையில் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 0.3 லிட்டர் கரியமில வாயுவை வெளியேற்றுகிறார். இருவர் அரை மணி நேரத்தில் 18 லிட்டர். காற்றே வெளியேறாத அறையாக இருந்தால் கரியமில வாயுவின் அளவு பத்து லட்சத்தில் 2,500 பங்கு ஏறிவிடும். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற இந்தக் கணக்கைத்தான் பிபிஎம் என்கிறோம். வெளிக்காற்றில் இப்போது ஏறக்குறைய 420 பிபிஎம். கதவை மூடும்போதே அறையில் 900 இருந்திருந்தால், பயிற்சி முடியும்போது 3,400. கதவிடுக்குக் கசிவு இதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

இதே நேரத்தில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 20.6க்கு இறங்கியிருக்கும். உடலுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் காற்றழுத்தம் சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைகிறது. அங்கே போய் இறங்கியவர்கள் உற்சாகமாக நடக்கத்தான் கிளம்புகிறார்கள். ஆகவே ஆக்சிஜனை விட்டுவிடலாம்.

கவனிக்க வேண்டியது கரியமில வாயு. 1858ஆம் ஆண்டு மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற மருத்துவ வேதியியலாளர், ஆட்கள் தங்கும் அறைகளில் இந்த வாயு 1,000 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்று எழுதினார். பள்ளியில் சுண்ணாம்புத் தெளிநீரில் மூச்சை ஊதிப் பால்போல் கலங்க வைத்திருப்போம். அவரும் கிட்டத்தட்ட அதே வேதியியலைத்தான், சுண்ணாம்புக்குப் பதில் பேரியம் கரைசலை வைத்து, துல்லியமாகச் செய்தார். அவர் தெளிவாகச் சொன்ன ஒன்று இன்றும் முக்கியம். இந்த அளவில் கரியமில வாயு நஞ்சு அல்ல; மனிதர்கள் விட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கான அடையாளம்.

அந்த அடையாளத்தை வைத்து ஒரு கணக்குப் போடலாம். நாம் வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு சுமார் 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம். அறையில் 3,400 இருந்தால், அந்தக் காற்றில் நூற்றில் ஏறக்குறைய எட்டுப் பங்கு ஏற்கெனவே ஒருவருடைய நுரையீரலுக்குள் போய் வந்தது. நம்முடையதோ, பக்கத்தில் இருப்பவருடையதோ. அவருக்குச் சளி பிடித்திருந்தால் இந்த எட்டுப் பங்குக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. கோவிட் காலத்தில் கரியமில வாயு மானிகள் திடீரென்று பிரபலமானது இதனால்தான்.

இந்த வாயுவே சிந்தனையை மந்தமாக்குமா? 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் 22 பேரை வைத்து நடத்திய சோதனையில், 2,500 பிபிஎம் அளவில் முடிவெடுக்கும் திறன் பெரிதாகச் சரிந்தது. பின்னர் டென்மார்க்கில் செய்த சோதனையில் தூய கரியமில வாயுவை மட்டும் 3,000 வரை கலந்தபோது விளைவு ஏதும் தெரியவில்லை; மனித உடலிலிருந்து வரும் மற்ற ஆவிகளும் சேர்ந்து தேங்கியபோது தலைவலியும் சோர்வும் கூடின. பெட்டன்கோஃபர் சொன்னதற்கு இந்த முடிவு நெருக்கமாக இருக்கிறது. வாசகியின் தலைபாரத்துக்கும் என் பதில் இதுதான்: தேங்கிய மூச்சும், அதோடு சேர்ந்த வெப்பமும் ஈரமும். இந்தச் சோதனைகளில் கலந்துகொண்டவர்கள் சில பத்துப் பேர்தான், அதுவும் குளிர்நாட்டு அறைகளில். 33 டிகிரி வெப்பத்திலும் கடற்கரை ஈரத்திலும் வேலை செய்யும் நம் ஊர் ஆட்களை வைத்துப் பெரிய அளவில் இதை ஆராய வேண்டும். ராக்கெட்டுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் கேட்டால் கிடைக்கிற நிதி, அறைக் காற்றை அளக்கக் கேட்டாலும் கிடைக்க வேண்டும். லட்சக்கணக்கானோர் தினமும் பத்து மணி நேரம் சுவாசிக்கிற காற்று அது.

சரி, கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத இந்த வாயுவை மேசை மேல் இருக்கும் ஒரு சின்னக் கருவி எப்படி எண்ணிச் சொல்கிறது? இந்தப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

கரியமில வாயு மூலக்கூறு ஒரு நேர்கோடு. நடுவில் கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன். பிணைப்புகள் விறைப்பானவை அல்ல. அவை நீளும், சுருங்கும், வளையும். இரண்டு ஆக்சிஜன்களும் ஒரே நேரத்தில் விலகி ஒரே நேரத்தில் நெருங்குவது ஓர் அதிர்வு. கோடு வில்லாக வளைந்து நிமிர்வது இன்னொன்று. ஒரு பக்கப் பிணைப்பு நீளும்போது மறுபக்கப் பிணைப்பு சுருங்குவது மூன்றாவது. இந்த மூன்றாவது அதிர்வு வினாடிக்கு ஏறக்குறைய 70 லட்சம் கோடி முறை நடக்கிறது. அதே அதிர்வெண் கொண்ட ஒளி 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர். ஊஞ்சலை அதன் தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால் மட்டும் மேலே மேலே போவதைப் போல, இந்தக் கதிர் பட்டால் மட்டும் மூலக்கூறு ஆற்றலை விழுங்கி அதிரத் தொடங்குகிறது. காற்றில் 99 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சீராக இரண்டிரண்டு அணுக்கள் மட்டும் கொண்டவை. அதிர்ந்தாலும் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்வதில்லை, அதனால் அகச்சிவப்பை அவை கண்டுகொள்வதே இல்லை. நீராவி விழுங்கும் அலைநீளங்களும் 4.26ஐ விட்டு விலகி நிற்கின்றன. ஈரம் ததும்பும் சென்னைக் காற்றில்கூட இந்த ஓர் அலைநீளம் கரியமில வாயுவுக்கே உரியதாகக் கிடைக்கிறது. வளைந்து நிமிர்வது என்று சொன்னேனே, அந்த அதிர்வு 15 மைக்ரோமீட்டர் கதிரை விழுங்குகிறது. பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தைக் கரியமில வாயு பிடித்து வைத்துப் புவியைச் சூடாக்குவது பெரும்பாலும் அந்த அதிர்வால்தான்.

பழைய வகை மானியில் ஒரு முனையில் அகச்சிவப்பு விளக்கு, மறுமுனையில் உணரி. நடுவே கரியமில வாயு அதிகமானால் உணரிக்கு வரும் ஒளி குறையும். புதிய வகை மானி ஒளியைப் பார்ப்பதில்லை, ஒலியைக் கேட்கிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சில்லின் உள்ளே குட்டி அறை. அகச்சிவப்பு விளக்கு ஒன்று அங்கே விட்டுவிட்டு மின்னுகிறது. ஒவ்வொரு மின்னலிலும் கரியமில வாயு மூலக்கூறுகள் ஆற்றலை விழுங்கி அதிர்கின்றன. அதிரும் மூலக்கூறு உடனே பக்கத்து நைட்ரஜன் மீது மோதி ஆற்றலைக் கொடுத்துவிடுகிறது. நைட்ரஜன் வேகம் பிடிக்கிறது, காற்று துளியளவு சூடாகிறது, அழுத்தம் துளியளவு ஏறுகிறது. விளக்கு அணைந்தால் அழுத்தம் இறங்குகிறது. ஏறி இறங்கும் அழுத்தம் என்றால் ஒலிதானே! அருகில் உள்ள நுண்ணிய மைக்ரோஃபோன் அதைப் பிடிக்கிறது. வாயு கூடினால் ஒலியும் கூடும். துண்டு துண்டாக வெட்டிய ஒளி பொருளின் மேல் விழுந்தால் ஒலி பிறக்கிறது என்று 1880ஆம் ஆண்டு கண்டறிந்தவர், தொலைபேசி தந்த அதே அலெக்சாண்டர் கிரஹாம் பெல். நாம் கூடிப் பேசும் மேசையில், நம் மூச்சு எழுப்பும் ஒலியை ஒரு கருவி கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

வாங்கும்போது கவனம் வேண்டும். விலை மலிவான சில கருவிகள் கரியமில வாயுவை அளப்பதே இல்லை. ஆல்கஹால் போன்ற கரிம வேதிப்பொருள்களின் ஆவிகளை அளந்து, அதிலிருந்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டுகின்றன. பக்கத்தில் கைச் சுத்திகரிப்பான் பூசினாலே எண் எகிறும். நல்ல கருவியிலும் ஒரு சிக்கல் உண்டு. வாரம் ஒருமுறையாவது புதுக்காற்று தன்மேல் படும் என்று நம்பி, தான் கண்ட மிகக் குறைந்த அளவை 400 என்று பல கருவிகள் தாமே திருத்திக்கொள்கின்றன. மூன்று ஷிப்டிலும் ஆள் இருக்கும் அலுவலகத்தில் காற்று 700க்குக் கீழே இறங்கவே இல்லையென்றால், கருவி அந்த 700ஐ 400 என்று எடுத்துக்கொண்டு, அதன் பிறகு எல்லாவற்றையும் 300 குறைத்துக் காட்டும். மாதம் ஒருமுறை மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்ச் சரிபார்ப்பது அவசியம்.

ஸ்னேக் பிளான்டுக்கு வருகிறேன். அறைச் செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சுக்கு வேர், 1989ஆம் ஆண்டு நாசா வெளியிட்ட ஓர் ஆய்வு. அது இறுக்கி மூடிய சிறு பெட்டிகளில் வேதி ஆவிகளை வைத்துச் செய்தது. உண்மையான கட்டடத்தில் அதே பலன் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு டிரெக்செல் பல்கலைக்கழகத்தினர் கணக்கிட்டார்கள். ஸ்னேக் பிளான்ட் இரவில் ஆக்சிஜன் தருகிறது என்பதும் தவறு. வறண்ட நிலத்துச் செடி அது. இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொள்கிறது, ஆக்சிஜன் வெளிவருவது பகலில்தான். அலுவலக விளக்கொளியில் ஒளிச்சேர்க்கையே மிக மந்தம். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று செடி வையுங்கள், நானும் வைப்பேன். காற்றோட்டத்துக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

அப்படியானால் புதுக்காற்றைத் தாராளமாக உள்ளே விட்டுவிடலாமே? இங்கேதான் மின்கட்டணமும் சுற்றுச்சூழலும் குறுக்கே வருகின்றன. அமெரிக்க ஏசிப் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரேயின் தரத்தின்படி அலுவலகத்தில் ஒருவருக்கு வினாடிக்குச் சுமார் 8.5 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். அதைக் கொடுத்தால் அறை 1,000 பிபிஎம் அளவில் நிலைக்கும். 33 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை 25 டிகிரிக்குக் கொண்டுவர, ஆள் ஒன்றுக்கு ஏறக்குறைய 370 வாட் வெப்பத்தை அகற்ற வேண்டும் என்று கணக்கு வருகிறது. மின்சாரமாக அது சுமார் 120 வாட். இதில் முக்கால் பங்கு காற்றைக் குளிர்விக்க அல்ல, அதில் இருக்கும் நீராவியைத் தண்ணீராக்கிச் சொட்டவிடச் செலவாகிறது. கடலோர ஊர்களில் புதுக்காற்றின் விலை என்பது ஈரத்தின் விலை.

இதைக் குறைக்க வழி உண்டு. வெளியேறும் குளிர்ந்த, வறண்ட காற்றும் உள்ளே வரும் சூடான, ஈரக் காற்றும் ஒரே சுழல் சக்கரத்தின் இரு பாதிகள் வழியாகப் போகும்படி அமைக்கலாம். ஈரம் உறிஞ்சும் பூச்சு கொண்ட அந்தச் சக்கரம், உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் வாங்கி, வெளியேறும் காற்றிடம் கொடுத்துவிடும். பகிர்வு அலுவலகத்துக்கு இன்னும் பொருத்தமானது, மானியின் எண்ணைப் பார்த்துக் காற்றுக் குழாயின் அடைப்பைத் திறந்து மூடுவது. திங்களன்று நாற்பது பேரும் வெள்ளியன்று பன்னிரண்டு பேரும் வரும் தளத்தில், வராத இருபத்தெட்டுப் பேருக்காக ஈரத்தைப் பிழிந்துகொண்டிருக்க வேண்டாம். இதோடு மின்விசிறியைச் சுழலவிட்டு ஏசியின் வெப்பநிலையை ஏற்றினால், டிகிரிக்குச் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு.

உங்கள் அறையின் நிலையை நீங்களே அளக்கலாம். எல்லாரும் கிளம்பிய பிறகு மானியை அறைக்குள் விட்டுக் கதவை மூடுங்கள். வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருக்கும் அளவு 1,200 பிபிஎம் என்பதிலிருந்து பாதியாக, அதாவது 600 ஆகக் குறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 42ஐ அந்த நிமிடங்களால் வகுத்தால், மணிக்கு எத்தனை முறை அறைக் காற்று மாறுகிறது என்பது கிடைக்கும். 21 நிமிடம் ஆனால் இரண்டு முறை. 36 கன மீட்டர் அறையில் இரண்டு முறை என்றால் வினாடிக்கு 20 லிட்டர், அதாவது இரண்டு பேருக்குப் போதுமான காற்று. அந்த அறையில் எட்டு நாற்காலிகள் கிடந்தால், மானியின் வரைபடத்தையும் இந்தக் கணக்கையும் சேர்த்துக் கட்டட நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். புதுக்காற்றுக் குழாயின் கிளை ஒன்றைக் கேளுங்கள். அது உடனே முடியாதென்றால் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும், காற்று உள்ளே வரக் கதவின் கீழே ஒரு சல்லடை அடைப்பும் பொருத்தித் தரச் சொல்லுங்கள்.